குடியரசுத் தலைவர் விருது வரை: சாரணியரும் பெற்றோரும் என்னிடம் கேட்பவை

வடசென்னையில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் 19 வருடமாகச் சாரணிய ஆசிரியையாக இருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனால் போதும், பள்ளி வாசலிலும் வாட்ஸப்பிலும் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் அவசரமாக அரைகுறையாகப் பதில் சொல்வதை விட, பொறுமையாக ஒரு தடவை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

டீச்சர், குடியரசுத் தலைவர் விருது என்றால் என்ன? நேராகப் பரீட்சை எழுதி வாங்க முடியுமா?

முடியாதம்மா. அது கடைசிப் படி. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 10 வயது முடிந்த பெண் சாரணியராகவும், பையன் சாரணராகவும் சேரலாம். முதலில் பிரவேஷ். உறுதிமொழி எடுத்து, கழுத்தில் ஸ்கார்ஃப் போட்டுக்கொள்ளும் நாள் அதுதான். அதன்பின் பிரதம சோபான், த்விதீய சோபான், த்ரிதீய சோபான். 'சோபான்' என்றால் படிக்கட்டு. அதற்கும் மேலே ராஜ்ய புரஸ்கார். நம் பக்கம் எல்லோரும் ஆளுநர் விருது என்று சொல்வது இதைத்தான். அதையும் தாண்டினால் ராஷ்டிரபதி விருது, அதாவது குடியரசுத் தலைவர் கையெழுத்துடன் வரும் சான்றிதழ்.

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எல்லா இடைவெளியையும் கூட்டினால் கிட்டத்தட்ட நாலு வருடம். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் அந்தக் காலத்தைச் சுருக்க முடியாது. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். கூட்டல் கழித்தலை ஒரே ராத்திரியில் மனப்பாடம் பண்ணிவிடலாம். வாரம் தவறாமல் வந்து நிற்கும் பழக்கத்தை அப்படி மனப்பாடம் பண்ண முடியாது.

என் பெண் எட்டாவது போகிறாள். இப்போது சேர்த்தால் முடிப்பாளா?

முடிக்கலாம். ஆனால் நடுவில் ஒரு மாதமும் வீணாகக் கூடாது. ஆறாவதில் சேர்ந்த பிள்ளைக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். எட்டாவதில் சேர்ந்தால் பன்னிரண்டாவது வரை இழுக்கும், 18 வயது ஆவதற்குள் முடித்தாக வேண்டும். சேர்ந்த வருடமே இயக்கத்தின் ஆன்லைன் பதிவில் பேர் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பின்னால் தேர்வு முகாமுக்கு அனுப்பும்போது, "எந்தத் தேதியில் எந்தப் படி முடித்தாள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தேதி தப்பாக இருந்ததாலேயே ஒரு வருடம் பின்தங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளின் பக்கம் ஒரு தப்பும் கிடையாது, பெரியவர்களின் கவனக்குறைவுதான் காரணம்.

வயது தாண்டிவிட்டால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. கல்லூரியில் பெரிய பெண்களுக்கான ரேஞ்சர் பிரிவு இருக்கிறது, 25 வயது வரை அதில் இருக்கலாம். அதற்கும் தனியாக ராஷ்டிரபதி விருது உண்டு.

பத்தாவது பொதுத்தேர்வு வருகிறதே. நிறுத்திவிட்டு அப்புறம் தொடரலாமா?

எங்கள் படையில், அதாவது பள்ளிச் சாரணியர் குழுவில், அதிகப் பிள்ளைகள் நின்றுபோன இடம் இதுதான். ஒன்பதாவது முடியும்போது த்ரிதீய சோபான் வரை வந்திருப்பார்கள். அதோடு டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ் என்று நின்றுவிடும். "அப்புறம்" என்று சொல்லிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

நான் சொல்வது இதுதான். பத்தாவதில் முகாமும் வேண்டாம், ஒரு திறமையைக் கற்றுக் காட்டி வாங்கும் புது பேட்ஜும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு மட்டும் வரட்டும். நாலு மணிக்கு வந்து கொடியேற்றி, ஒரு விளையாட்டு விளையாடி, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு முடிச்சு சொல்லிக் கொடுத்துவிட்டு ஐந்து மணிக்குப் போகட்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் வெளியே ஓடியாட இடம் வேண்டும் என்றும் நான் நினைக்கிறேன். தொடர்பு அறுந்துபோகாமல் இருந்தால், ஏப்ரலில் மறுபடி எடுப்பது சுலபம்.

முகாமுக்கு ராத்திரி தங்க வேண்டுமாமே? வீட்டில் அவள் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

தங்கித்தான் ஆக வேண்டும். கூடாரம் அடிப்பது, விறகடுப்பில் சமைப்பது, ராத்திரி தீ மூட்டிச் சுற்றி உட்காரும் பாடித்தீ, இதெல்லாம் பகலில் வந்துவிட்டு வீட்டுக்குப் போனால் நடக்காது. மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் தேர்வே முகாமில்தான்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாக்கள் மேல் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. என் அம்மாவும் என்னை அனுப்பவில்லை. நான் சாரணியரானது ஆசிரியையாக வந்த பிறகு எடுத்த பயிற்சியில்தான். அதனால் இப்படிச் செய்கிறேன்: முதல் முகாமை எங்கள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே, ஒரே ஒரு ராத்திரி மட்டும் வைக்கிறேன். அப்பாக்களை மாலையில் வரச் சொல்கிறேன். எங்கே படுப்பார்கள், கழிப்பறை எங்கே, தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, ராத்திரி யார் விழித்திருப்பார்கள் என்று அவர்களே நடந்து பார்க்கட்டும். எந்த முகாமுக்குப் போனாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்: பெண் பிள்ளைகளோடு பயிற்சி பெற்ற பெண் ஆசிரியை கூடவே தங்குகிறாரா? எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்? மாதவிடாய் வந்தால் என்ன ஏற்பாடு? சங்கடப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற முகாமுக்கு அனுப்பாதீர்கள்.

ஒரு அப்பா, வியாசர்பாடிக்காரர், முதல் வருடம் பள்ளி வாசலுக்கு வெளியே ஆட்டோவிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வருடம் பத்து மணிக்குக் கிளம்பிப் போனார். மூன்றாம் வருடம் சென்ட்ரலில் வந்து ரயில் ஏற்றிவிட்டார்.

முடிச்சுகள் எல்லாம் எதற்கு டீச்சர்? இப்போதுதான் எல்லாவற்றுக்கும் டேப் இருக்கிறதே.

கேட்ட பெண் ஏழாவது. நல்ல கேள்வி, கண்ணு. அடிபட்ட கையைத் தொங்கவிடத் துணிக்கட்டுப் போடுகிறோம் இல்லையா, அதன் இரண்டு நுனியையும் 'ரீஃப் நாட்' என்ற முடிச்சில்தான் முடிவோம். வலது நுனி இடதின் மேல், பிறகு இடது நுனி வலதின் மேல். தட்டையாக இருக்கும், தோளில் குத்தாது, அவிழ்ப்பதும் சுலபம். இரண்டாவது சுற்றை மாற்றிப் போட்டால் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் வழுக்கிவிடும். போலைன் என்றால் இறுகாத வளையம். தண்ணீரில் விழுந்தவரின் இடுப்பில் போட்டு இழுத்தாலும் அவரை நெரிக்காது.

எங்கள் படையில் காசிமேட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர். நான் கையேட்டைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "எங்கப்பா ஒரே கையில போடுவாரு டீச்சர்" என்றாள். அடுத்த வாரம் அவரையே கூப்பிட்டோம். அரை மணி நேரத்தில் அவர் காட்டியதை நான் மூன்று வருடமாகப் பழகுகிறேன். நம் ஊரில் இந்த வித்தை தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள், போய்க் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ஆற்றின் அகலத்தை அளக்காமலே சொல்ல வேண்டுமாம். எப்படி?

இதைக் கற்றுத்தருவதற்குப் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் கூட்டிப் போவேன். நாற்றம் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எதிர்க் கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறி வைத்துக்கொள். அதற்கு நேர் எதிரே இந்தக் கரையில் ஒரு கம்பு நடு. அங்கிருந்து கரையோடு 20 தப்படி நட, இரண்டாவது கம்பு நடு. அதே திசையில் இன்னும் 20 தப்படி. இப்போது கால்வாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி, நேராக நட. ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார். இரண்டாவது கம்பும் எதிர்க்கரை மரமும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் இடத்தில் நின்றுவிடு. கடைசியாகத் திரும்பி நடந்தாயே, அந்தத் தூரம்தான் கால்வாயின் அகலம்.

ஏன் என்று கணக்கு டீச்சரிடம் போய்க் கேள். சர்வசம முக்கோணம் என்பார். கரும்பலகையில் அது புரியாத பிள்ளைக்குக் கால்வாய்க் கரையில் புரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே உன் தப்படி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து வைத்துக்கொள். பெரும்பாலானவர்கள் தப்பு விடுவது அங்கேதான்.

லாக் புத்தகத்தை நாங்கள் எழுதிக் கொடுக்கலாமா? அவளுக்குப் படிக்கவே நேரமில்லை.

வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

போன நடைப்பயணம், செய்த சேவை, கற்ற பேட்ஜ் எல்லாவற்றையும் பிள்ளையே எழுதி வைக்கும் நோட்டு அது. தேர்வாளர் கையில் முதலில் போவதும் அதுதான். சில வருடங்களுக்கு முன் எங்கள் பெண் ஒருத்தி ராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாமுக்குப் போனாள். முத்துமுத்தான கையெழுத்து, கலர் பேனாவில் கட்டம் கட்டி, வண்டலூர்ப் பக்கம் போன நடைப்பயணத்துக்கு எட்டுப் பக்கம். அவள் அம்மா இரண்டு ராத்திரி கண்விழித்து எழுதியது. தேர்வாளர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "மதியம் என்ன சாப்பிட்டீங்க? சாப்பிட்ட இடத்துல நிழல் எந்தப் பக்கம் விழுந்துது?" என்று கேட்டார். அவள் போயிருந்தாள், நடந்திருந்தாள், காலில் கொப்புளம் கூட வந்திருந்தது. ஆனால் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாததால், தான் பார்த்ததைச் சொல்லவும் பயந்து, வாயே திறக்கவில்லை. பொய் சொல்கிற பிள்ளை என்று அவர் நினைத்திருப்பார் என்று பேருந்தில் வழியெல்லாம் அழுதாள்.

அந்தப் புத்தகத்தைப் போகும் முன் நானும் பார்த்தேன். கையெழுத்து அவளுடையது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நேரமில்லை என்று விட்டுவிட்டேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நடைப்பயணம் முடிந்து பேருந்து ஏறும் முன், எங்கே இருக்கிறோமோ அங்கேயே தரையில் உட்கார்ந்து கால் மணி நேரம் எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருக்கட்டும், மண் ஒட்டியிருக்கட்டும். "காக்கா எங்க புளிசாதத்தைத் தூக்கிட்டுப் போச்சு" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியைப் படித்துத் தேர்வாளர் சிரித்து, மேலே கேள்வி கேட்டு, அவள் அருவி மாதிரி பேசினாள்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல ஞாபகம் உறையும்.

சேவைத் திட்டத்துக்கு எதை எடுக்கலாம்? ஏதாவது பெரியதாகச் செய்ய வேண்டுமா?

உன் தெருவில் எது உன் கண்ணில் தினமும் படுகிறதோ, அதை எடு. கடற்கரையில் ஒரு நாள் குப்பை பொறுக்கி, பேனரோடு போட்டோ எடுப்பது எனக்குப் பிடிக்காது. மறுநாள் யாரும் அங்கே போவதில்லை.

எங்கள் பெண் ஒருத்தி தண்ணீர் டிரம்களை எடுத்தாள். லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் தெரு அவளுடையது, வீட்டுக்கு வீடு நீல டிரம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாள் ஆகும். அப்படியானால் வாரம் ஒரு முறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் கொசு பிறக்க நேரமே இருக்காது. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அவள் ஆறு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு வீடாகப் போனாள். மூடியில்லாத டிரம்களைக் குறித்தாள், பழைய வேட்டித் துணியும் ரப்பர் வளையமும் கொடுத்தாள். முதல் மாதம் விரட்டினார்கள். மூன்றாவது மாதம், ஒரு வாரம் காய்ச்சலில் அவள் போகவில்லை. "அந்தப் பொண்ணு எங்க?" என்று ஒரு பாட்டி வீடு தேடி வந்துவிட்டார்.

வழிபாட்டுப் பாட்டும் கொடிப் பாட்டும் இந்தியில் இருக்கிறதே. இந்தி தெரியாதவள் தேர்வில் தோற்றுவிடுவாளா?

இல்லை. அந்தப் பாட்டுகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டு பாடினால் போதும். வெளிமாநில முகாம்களில் அறிவிப்புகள் இந்தியில் பறக்கும், அதனால் நேரம், இடம், வரிசை சார்ந்த சில சொற்களைப் பழக்கிவிடுங்கள். அங்கே நம் பிள்ளைகளைக் காப்பாற்றுவது கை வேலைதான். கூடாரக் கயிறு எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் இறுகும்.

உறுதிமொழியில் கடவுள் வருகிறதே, எங்கள் வீட்டில் கும்பிடுவதில்லை.

'கடவுள்' என்ற இடத்தில் 'தர்மம்' என்று சொல்லிக்கொள்ள இயக்கமே இடம் கொடுத்திருக்கிறது. எங்கள் படையில் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

சீருடை, ஸ்கார்ஃப், பேட்ஜ், முகாம் கட்டணம், பயணம். பெரிய செலவு வெளியூர் முகாம்தான். முடியவில்லை என்றால் என்னிடம் நேராகச் சொல்லுங்கள், பிள்ளையை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். பெரிய பிள்ளைகளின் சீருடைகள் துவைத்து மடித்து அலமாரியில் இருக்கின்றன.

இந்த விருது இருந்தால் இன்ஜினியரிங் சீட் கிடைக்குமா? வேலை கிடைக்குமா?

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் சிறப்புப் பிரிவுகள் இருக்கின்றன. சாரணருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. இருக்கிறது என்று யாராவது சொல்லிச் சேர்த்திருந்தால், அது தவறான தகவல்.

ரயில்வேயில் உண்டு. சாரண சாரணியர் ஒதுக்கீடு என்று தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்றவை அறிவிப்பு வெளியிடும். அதற்கு ராஷ்டிரபதி விருது போன்ற உயர்ந்த தகுதி, கடைசி 5 வருடம் இயக்கத்தில் தொடர்ந்து செயல்பட்டதற்கான சான்று, மாநில, தேசிய நிகழ்ச்சிகளில் கலந்துகொண்ட சான்று எல்லாம் வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு. இடங்கள் மிகக் குறைவு. விருதை வாங்கிவிட்டு இயக்கத்தை விட்டவர்களுக்கு இது பயன்படாது என்பதையும் கவனியுங்கள். இதை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள் என்றுதான் பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்வேன். அதைக் கேட்டு இரண்டு மூன்று பேர் எழுந்து போவதும் உண்டு.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் ஈகிள் ஸ்கவுட் வாங்கிவிட்டானாம். இரண்டும் ஒன்றுதானா?

அந்த நாட்டு இயக்கத்தின் மிக உயர்ந்த படி ஈகிள். 1912-இல் ஆர்தர் எல்ட்ரெட் என்ற பையன் முதன்முதலில் வாங்கினான். இப்போது 21 தகுதி பேட்ஜ்கள் வேண்டும், அதில் பாதிக்கு மேல் கட்டாயமானவை. ஊருக்குப் பயன்படும் ஒரு திட்டத்தைப் பையனோ பெண்ணோ தானே திட்டமிட்டு, மற்றவர்களை வழிநடத்திச் செய்து காட்ட வேண்டும். 18 வயது ஆவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். படிகளின் பெயரும் தேர்வு முறையும் வேறு, உழைப்பின் தன்மை ஒன்று. உங்கள் அண்ணன் மகனை விடுமுறைக்கு வரும்போது ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் படைக்கு அனுப்புங்கள். உலகத்தில் எந்த மூலைச் சாரணரும் இடது கையால்தான் கைகுலுக்குவார், அறிமுகமே தேவைப்படாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுதானே டீச்சர்?

ஆமாம், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 20 பையன்களோடு போட்ட முகாமில் தொடங்கியது. இந்தியாவுக்கு 1909-இல் பெங்களூரில் வந்தபோது நம் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை, வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டும். அதற்குப் பதிலடி நம் ஊரிலிருந்துதான் போயிருக்கிறது. அன்னி பெசன்ட்டும் அவரோடு வேலை செய்த ஜார்ஜ் அருண்டேலும் 1917-இல் சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள், தலைப்பாகையோடு. 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோதுதான் அது உலக இயக்கத்தோடு இணைந்தது. 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது, சாரணியர் அமைப்பு 1951-இல் சேர்ந்துகொண்டது. அதன் 75-ஆம் ஆண்டு வைர விழாப் பெருந்திரளணி (ஜாம்போரி என்னும் பெரிய முகாம்) 2025-இல் மணப்பாறையில் நடந்தது.

பெண்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பையன்களின் பேரணிக்கு, யாரும் கூப்பிடாமலே சில பெண்கள் சீருடை போட்டுக்கொண்டு போய், "நாங்களும் சாரணர்தான்" என்று நின்றார்கள். அடுத்த வருடம் பெண்களுக்கென்று தனி இயக்கம் வந்தது. ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

தேர்வில் தோற்றுவிட்டால்?

மறுபடி போகலாம். அம்மா லாக் புத்தகம் எழுதிக் கொடுத்தாரே, அந்தப் பெண் அடுத்த வருடம் தன் கையால் எழுதிய புத்தகத்தோடு போய் ராஜ்ய புரஸ்கார் வாங்கினாள். ராஷ்டிரபதி விருதுக்கு வயது தாண்டிவிட்டது. இப்போது நர்சிங் முடித்துவிட்டு, எங்கள் பிள்ளைகளுக்கு முதலுதவி வகுப்பு எடுக்க மாதம் ஒரு தடவை வருகிறாள்.

சேர்த்தாகிவிட்டது. முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

மூன்று மீட்டர் பருத்திக் கயிறு, சுண்டு விரல் கனம். நைலான் வேண்டாம், முடிச்சு நிற்காது. கோடு போடாத நோட்டு ஒன்று, பேனா, தண்ணீர் பாட்டில். முடியைப் பின்னிக் கட்டியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி, கொடிக்கம்பத்துக்குக் கீழே. நோட்டின் முதல் பக்கத்தில் பேரை அவளே எழுதட்டும்.